ஊர் ஊராகப் பிரித்த மன்றம்

கண்டி நகரில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னால் காலம் தள்ள முடியவில்லை. விடிந்ததும் ஒருவர் நல்ல கண் டொக்டர் யார் என்று கேட்பார். கடை திறப்பதற்குள் அந்தக் கேள்வி ரோசாப்பூக்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். கேட்டவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இணையத்தில் ஒரு கலந்துரையாடல் மன்றம் தொடங்கினால் கேள்விகள் அதனதன் பிரிவில் பத்திரமாக நிற்கும் என்று சொன்னவர், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர். கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கம்பளையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

பிரிவுகளை எப்படி அமைப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இந்தப் பக்கத்தில் இரண்டு தமிழர் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைத்தான் கேட்போம். மன்றத்தையும் அப்படியே கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, தெல்தோட்டை என்று ஊர் ஊராகப் பிரித்துவிட்டோம். மறுநாளே முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"எங்க ஊரு எதுக்குங்க கட்டுகஸ்தோட்டைக்குக் கீழ கெடக்கு?"

"அகரவரிசைங்க மொதலாளி. அப்படித்தான் வரும்."

"அப்ப கண்டி மட்டும் எப்படி எல்லாத்துக்கும் மேல போச்சு?"

கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வரிசைச் சண்டையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே போனது. கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, பஸ் நேரம் என்று அவரவர் தங்கள் ஊர்ப் பிரிவில் எழுதினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்படி இருக்கும்போதுதான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தாள். தொடர்புக்கு என்று மன்றத்தில் என் கடை நம்பரைத்தான் போட்டிருந்தோம்.

"அக்கா, நான் ஒன்னு எழுதியிருந்தேன். தப்பா எழுதிட்டேனாக்கா?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கணினியில் தேடிப் பார்த்தேன். கண்டியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இரத்தம் எடுக்கிற பிரிவு என்பதால் விடியற்காலையிலேயே அங்கே நிற்க வேண்டும். தோட்டத்திலிருந்து புறப்படும் முதல் பஸ் அந்த நேரத்துக்கு வந்து சேராது. நகரத்துப் பக்கம் தங்குவதற்கு ஓர் அறை கேட்டிருந்தாள். மாத முடிவுக்குள் கிடைக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்குக் கீழே தெல்தோட்டைக்காரர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: வாழ்த்துகள் தங்கச்சி, நம்ம ஊருக்குப் பெருமை, மேன்மேலும் வளர்க. அறை இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. தெல்தோட்டையில் இருப்பவரிடம் கண்டியில் அறை எங்கே இருக்கும்?

"வெளியில எங்கயாச்சும் கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன்க்கா. தோட்டத்து ஆள்னு சொன்னதும் ரூம் போயிருச்சுங்கிறாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இவளிடம் காட்டி என்ன செய்ய? அடக்கிக்கொண்டு, கண்டிப் பிரிவிலோ கட்டுகஸ்தோட்டைப் பிரிவிலோ கேட்டுப் பார்த்திருக்கலாமே என்றேன்.

"அது அவங்க ஊரு பகுதி தானேக்கா. நான் எப்படி அங்க போயி எழுதுறது?"

சும்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. வெளியே யார் யாரோ அவளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள் என்றால், நாங்களும் எங்கள் பங்குக்குப் பலகை எழுதி மாட்டி வைத்திருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மூவரும் நானாவின் கடையில் கூடினோம். ஊர்ப் பிரிவுகளை எடுத்துவிட்டு, ஆட்களுக்கு என்ன தேவையோ அதை வைத்துப் பிரிப்போம் என்றேன். முதலாளி பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊர் பேரு இல்லாம என்னங்க மன்றம்? நம்மள யாருன்னு எப்படித் தெரியும்?"

"பேருக்குப் பக்கத்துல ஊர போடுவோம், மொதலாளி," என்றார் நானா. "கம்பளைன்டு பெருசாவே போட்டுத் தாரேன்."

முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் எழுந்து போகவில்லை. தேடுகிறோம், கொடுக்கிறோம், வேலை, படிப்பு, சும்மா பேசலாம் என்று பிரிவுகள் முடிவாயின. கடைசிப் பிரிவு முதலாளியின் யோசனை. இன்றுவரை அதில் அதிகம் எழுதுவதும் அவர்தான்.

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்கு மாற்றினோம். நான் தெல்தோட்டைப் பெண்ணின் பதிவை 'தேடுகிறோம்' பிரிவில் போட்டேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கட்டுகஸ்தோட்டைப் பதிவுகளை மாற்றிக்கொண்டிருந்த நானா திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க பாருங்க, ரூம் ஒன்டு ஈக்கி!"

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், மேல்மாடி அறை காலியாக இருக்கிறது, வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவருடைய ஊர்க்காரர்கள், எந்த ஒழுங்கையில வீடு டீச்சர், சுகமா இருக்கீங்களா என்று விசாரித்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் சொந்த வீடு இருந்தது.

நான் உடனே டீச்சரை அழைத்தேன். முதல் பேச்சிலேயே, பிள்ளை தோட்டத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லிவிட்டேன். மறுக்கிறதாக இருந்தால் என்னிடமே மறுத்துவிடட்டும், அவள் இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"அதுக்கென்ன?" என்றார் டீச்சர். "வெள்ளன போற நேரம் கேட்டைச் சத்தம் போடாம சாத்தினா சரி. அந்த மகள வரச் சொல்லுங்க."

நானா சிரித்தார். முதலாளி, அந்தப் பெண்ணுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பியும் விட்டார்.

அவள் வேலையில் சேர்ந்தாள். பிறகு கடையில் வேலை கூடிவிட்டதால் மன்றத்துப் பக்கம் நான் அடிக்கடி போகவில்லை. போன மாதம் ஒருநாள் திறந்தபோது அவள் பெயர் கண்ணில் பட்டது. மறுபடியும் அறைக்கு என்ன பிரச்சினையோ என்று பயந்துகொண்டே வாசித்தேன்.

"என் அறையில் இன்னொரு கட்டில் போடலாம். டீச்சரிடம் கேட்டுவிட்டேன். கண்டிக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள், எந்த ஊர், எந்தத் தோட்டமாக இருந்தாலும் எழுதுங்கள்."

எழுதியிருந்தது 'கொடுக்கிறோம்' பிரிவில். கொப்பி எடுக்க வந்தவர் காசை நீட்டிக்கொண்டு நிற்க, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.