வெள்ளைத்தாள் ஒட்ட மாட்டேன்

சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய பாட்டுத் தட்டுகளைச் சேர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறு எவரிடமும் இல்லாத தட்டு ஒன்று கையில் அகப்பட்டால், அதன் நடு வட்டத்தில் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டிவிடுவார்கள். பாட்டின் பெயரும் பாடிய குழுவின் பெயரும் மறைந்துவிடும். பிறகு தாங்களே ஒரு பொய்ப்பெயரைச் சூட்டிக் கூட்டங்களில் போட்டுக் காட்டுவார்கள். உண்மைப் பெயர் வெளியே வந்தால் மற்றவர்களும் தேடிப் பிடித்துவிடுவார்களே என்ற பயம்தான். ஒஸ்லோவில் எங்கள் சின்னக் கூட்டத்திலும் இதைப் பெருமையோடு செய்கிறார்கள். எனக்கு முதல் நாளே இது பிடிக்கவில்லை. அமெரிக்காவில் எங்கோ ஒரு மூலையில் பாடிவிட்டு அடையாளமில்லாமல் போனவர்கள். அவர்களை உலகம் மறந்தது போதாதென்று நாங்களும் மேலே தாள் ஒட்ட வேண்டுமா?

எனக்கு ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் வீடு. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் தொழில். நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டையில் என் பெயரின் முன்பாதி மட்டும்தான் இருக்கும். முழுப்பெயர் நோர்வேக்காரரின் நாக்குக்குக் கஷ்டம் என்று, வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ வெட்டியது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். புதிதாக வந்தவள், வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் புத்தி என்று நினைத்த காலம் அது.

தட்டுகள் என்னிடம் வந்தது தற்செயலாக. இங்கே பள்ளிக்கூட வாத்தியக் குழுக்களுக்காகப் பெற்றோர் பழைய சாமான் சந்தை நடத்துவார்கள். மகளுக்குக் குளிர்காலச் சப்பாத்துத் தேடிப் போனேன். அளவான சப்பாத்துக் கிடைக்கவில்லை. ஒரு பெட்டி நிறையச் சிறிய தட்டுகள் கிடைத்தன, நடுவில் பெரிய ஓட்டையோடு.

"சப்பாத்து வாங்கப் போன ஆள், சட்டி மூடியளோடை வந்து நிக்கிறீர்," என்றார் கணவர்.

அடுத்த வாரம் ஒரு நாள், வேலையில் ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேறு ஆளை அனுப்பச் சொல்," என்று கதவைச் சாத்தினார். அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியில் கைவைத்து எடுத்த தட்டைச் சுழலவிட்டேன். நான்கு பெண் குரல்கள். ஒருத்தி கெஞ்சுவதுபோலத் தொடங்குகிறாள். மற்ற மூவரும் அவளுக்குப் பின்னால் நின்று கெஞ்சாதே, கெஞ்சாதே என்று தடுக்கிறார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை, அதற்குள் கெஞ்சல் அதட்டலாகிவிடுகிறது. அன்று அதை எத்தனை தரம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கதவு சாத்தப்பட்டபோது எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. இப்போது மூன்று பேர் நின்றார்கள்.

அதன் பிறகு எனக்குப் பித்துத்தான். கோயிலில் ஒரு உறவுக்கார மாமா மடக்கினார்: "எங்கடை பாட்டுகள் ஆயிரம் கிடக்க, உந்தக் கறுப்பு ஆக்களின்ரை பாட்டுக்கும் உமக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் என்ன சம்பந்தம் பேசவே போறன், மாமா? பாட்டுத்தானே கேக்கிறன். இஞ்சை கதவு சாத்திறவைக்கு நாங்களும் அவையளும் ஒண்டுதான்."

மாமா பிரசாதத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஒஸ்லோ சேகரிப்பாளர் கூட்டத்தைக் கண்டுபிடித்து அந்தத் தட்டைக் கொண்டுபோனேன். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் நோர்வேக்காரர்கள். தலைவர் உயரமான மனிதர், நல்லவர், என் பழைய இயந்திரத்துக்கு ஊசிகூடத் தந்தவர். தட்டைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விதான் பட்டிருக்கிறாராம். பட்டியல் புத்தகங்களைப் புரட்டினார்கள், தட்டின் ஓரத்தில் கீறியிருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்கள். கடைசியில் தலைவர், "இந்தக் குழு யாரென்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது," என்றார்.

முடியாதா? யாழ்ப்பாணத்தாளிடம் வந்து சொல்கிற கதையா இது? "நீங்கள் எவடம்? ஆரின்ரை ஆள்?" என்ற இரண்டு கேள்வியில் உலகத்தின் எந்த மூலையில் நிற்பவரையும் உறவுக்குள் இழுத்துவிடும் ஆட்கள் நாங்கள். நான் தினமும் காலைத் தேநீரோடு மரண அறிவித்தல் படிப்பவள். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும், கனடா, லண்டன், ஒஸ்லோ என்று ஒரு குடும்பம் சிதறிக் கிடக்கும் படம் முழுவதும் அதில் இருக்கும். அமெரிக்காவில் மட்டும் செத்தவர்களுக்கு உறவு இருக்காதா? அங்குள்ள மரண அறிவித்தல்களை இணையத்தில் தேடத் தொடங்கினேன். டி-பானே என்னும் சுரங்க ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதே வேலை. மகளுக்கு வெட்கம்.

"அம்மா, தெரியாத ஆக்களின்ரை செத்தவீட்டை ஏன் பாக்கிறீங்கள்? உங்களுக்கு இண்டைக்கு வாக்ட் இல்லையோ?"

வேலை முறையைத்தான் பிள்ளைகள் இங்கே அப்படிச் சொல்வார்கள். வாக்ட் இருந்தது. வாக்ட் முடிந்தும் தேடினேன். ஒரு குளிர்காலம் முழுவதும் தேடிய பிறகு ஒரு பெண்ணின் அறிவித்தல் அகப்பட்டது. இளமையில் பாடினார் என்று எழுதி, குழுவின் பெயரும் போட்டிருந்தது. கீழே, அவரைப் பிரிந்து வாடும் அக்கா ஒருவர்.

அறிவித்தலில் போட்டிருந்த தேவாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பேசிய பெண் என்னைத் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "நீ யாருடைய ஆள்?" என்பது. சிரித்துவிட்டேன். அப்படிக் கேட்பவர்களிடம் எனக்குப் பயமில்லை.

அவள் மூலம் அந்த அக்கா என்னோடு பேசினார். அன்று பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கை என்ன வருத்தம் வந்து போனார், கடைசியில் நோவு இருந்ததா, யார் பக்கத்தில் இருந்தது என்றுதான் கேட்டேன். முதலில் துக்கம் விசாரிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அதுதான் எங்கள் முறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே தொலைபேசி எடுத்தார். கெஞ்சுவதுபோலத் தொடங்கும் குரல் அவருடையது. தங்கை, ஒரு மச்சாள், தேவாலயத்துச் சிநேகிதி, நான்காவதாக அவர். இப்போது அவர் மட்டும்தான் மிச்சம். துணி வெளுக்கும் ஆலைக்கு பஸ்ஸில் போகும்போது அந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான். தட்டில் எழுதியவர் என்று வேறொரு ஆளின் பெயர் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்தவன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான்.

"தாளில் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது," என்றார். "எங்கள் நாலு பேரின் பெயரையும் எங்கும் எழுதாதே. ஆட்கள் கேட்க, வாயால் சொல்லு. ஒரு தரமாவது சொல்லு."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அதனால்தான் இந்தப் பக்கத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை. வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், தட்டைப் போட்டுச் சொல்கிறேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நகரத்தில் ஒரு கோப்பிக் கடையின் பின்மண்டபத்தில் நடந்தது. என் முறை வருமுன் தலைவர் வந்தார். கையில் வட்டமாக வெட்டிய வெள்ளைத்தாள்.

"இதை ஒட்டிவிடு. நல்ல பெயர் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்."

"பெயர் இருக்கிறது. பாடியவர் உயிரோடு இருக்கிறார். ஒட்ட மாட்டேன்."

"இது எங்கள் மரபு. அபூர்வமான தட்டுக்குச் செய்யும் மரியாதை."

"தட்டுக்கு மரியாதை, பாடினவர்களுக்கு இல்லையா?"

அப்படியென்றால் இன்று போட முடியாது என்றார். நான் அவரைக் கடந்து மேடைக்குப் போனேன். கைத்தொலைபேசியில், அமெரிக்காவில் அந்த அக்கா காத்திருந்தார். அவருக்கு அப்போது காலை. தட்டை வைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்து முதல் பெயரைச் சொன்னேன். உடனே ஒலிவாங்கி செத்துப்போனது. யாரோ நிறுத்திவிட்டார்கள். ஒலிவாங்கி இல்லாவிட்டால் என்ன, காது கேளாத கிழவர்களோடு கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை எனக்கு. இரண்டாவது பெயரைக் கத்தினேன்.

வாசலில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர், சட்டி மூடி என்று சிரித்த அதே மனிதர், அந்தப் பெயரை என்னைவிட உரக்கத் திருப்பிச் சொன்னார். உச்சரிப்புப் படுமோசம். மூன்றாவதையும் சொன்னார். நான்காவது பெயருக்கு இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஊசியை இறக்கினேன். தலைவர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தக் கெஞ்சல் அதட்டலாக மாறும் இடத்தில், அவருடைய காலும் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

பாட்டு முடிந்ததும் தொலைபேசியைக் காதில் வைத்தேன்.  அந்த அக்கா கேட்டார்: "எங்களுடைய பெயரைச் சொன்னவளுக்கு முழுப்பெயர் என்ன? நீ சொன்னது பாதிப்பெயர் போல இருக்கிறதே."

சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார், பிழை. இன்னொரு தரம் கேட்டார், மறுபடியும் பிழை. மூன்றாம் தரம் ஒவ்வோர் எழுத்தாக, பாடுவதற்கு முன் சுதி பார்ப்பவர்போல நிதானமாகச் சொன்னார். சரியாக இருந்தது. இந்த ஊரில் என்னோடு வேலை செய்த ஒருவரும் மூன்றாம் தரம் வரை முயன்றதில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சிலிருந்த அட்டையைக் கழற்றிப் பொறுப்பாளரின் மேசையில் வைத்து, முழுப்பெயரையும் போட்டுத் தரச் சொன்னேன்.

"நீளமாக இருக்குமே," என்றார் அவர். "அட்டையில் இடம் போதாது."

"அப்படியானால் பெரிய அட்டையாக எடுங்கள்," என்றேன்.