பாலத்தில் இறங்காமல்

தாராவியிலிருந்து செம்பூருக்குச் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பது என் வீட்டுக்காரரின் தொழில். மாவரைத்து அவித்துக் கொடுப்பது என் வேலை. வழியில் ஒரு மேம்பாலம். இட்லிக் குண்டானை வைத்துக்கொண்டு மிதித்து ஏற முடியாது. வியாபாரிகள் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

போன மழைக்காலத்தில் அவருக்கு முட்டி மடங்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சில நாள் லைனுக்கு வராவிட்டால் அவர் விற்கும் தெருக்கள் வேறொருவருக்குப் போய்விடும். அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். இத்தனை வருட வாடிக்கையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

"நான் போறேன்" என்றேன். பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓட்டியவள்தான்.

"இந்த வயசுல பாலத்துல எப்படிட்டி ஏத்துவ?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் எரிச்சல் வந்தது.

ஆபீஸ் வேலைக்குப் போகும் மகள் பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தாள். முதல் நாள் பாலம் வந்ததும் எல்லோரையும்போல நானும் இறங்கித் தள்ளினேன். சாதாச் சைக்கிளைவிட அது கனம். மேலே போய்ச் சேர்வதற்குள் அதைச் செய்தவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏம்மா எறங்குன? நீ மிதிச்சாத்தான மோட்டார் ஓடும்."

மறுநாள் இறங்கவில்லை. மிதித்தேன். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவதுபோல் வண்டி ஏறியது. வியர்த்தது, மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. தள்ளிக்கொண்டு போன ஆண்களைத் தாண்டிப் போனேன்.

"என்ன மதினி, இவ்வளவு அவசரம்?" என்றார் ஒருவர்.

"இட்லி ஆறிரும்லா" என்றேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. லைன் எங்கள் கையைவிட்டுப் போகவில்லை.

முட்டி கொஞ்சம் தேறியதும், மெதுவாக மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளில் அவரே கிளம்பினார். நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காலிக் குண்டானோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"வலியே தெரியலட்டி. நாளையிலேருந்து லைனுக்கு நானே போறேன். நீ வீட்டுல இரி."

சைக்கிள் சாவியை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வீட்டுல மாவரைக்க ஆள் வேணும்லா, அத நீங்க பாருங்க. ஞாயித்துக்கெழம மட்டும் வண்டிய தாரேன்."