கொழும்பு என்று எழுதிக்கொண்ட மடிக்கணினி

மகள் பள்ளியில் படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினி அது. அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு எங்கள் கோத்தகிரி வீட்டில் பீரோ மேல் கிடந்தது. நல்ல நாளிலேயே நாழிப்பால். மழை மாதத்தில் கேட்கவே வேண்டாம். பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதை எழுப்பியே ஆக வேண்டிய கட்டாயம் அப்பாவால் வந்தது. அவர் வாலிபத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, தாயகம் திரும்பியோரில் ஒருவராக இங்கே வந்தவர். அவருடைய அக்கா, என் அத்தை, அங்கேயே தங்கிவிட்டாள். இத்தனை வருடமும் குரல் மட்டும்தான். இப்போது அவளுக்கு மூச்சிரைப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் காட்டுகிறேன் என்று அவள் பேரன் சொல்லியிருந்தான்.

"ஒன் போன்ல அக்கா மூஞ்சி கொழுந்து சைசுலதான் தெரியும். பெருசாக் காட்டுடா" என்றார் அப்பா.

உள்ளே இருக்கும் பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டால் ஓடும் என்றாள் மகள். பென்டிரைவோடு ஞாயிறு மதியம் உட்கார்ந்தேன். அப்பாவும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். அதுதான் வினை.

"உள்ள இருந்த பழசு எங்கடா?"

"அழிச்சாச்சுப்பா. ரொம்ப லேட் பண்ணுச்சு."

"பெரட்டுல வெரட்டிட்டேன்னு சொல்லு." காலையில் ஆள் கணக்கெடுப்பதுதான் அவர்கள் தோட்டத்தில் பெரட்டு, பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. "புதுசு மட்டும் என்னா, அதுவும் நின்னுக்கிட்டுத்தான இருக்கு?"

இவரை எந்தப் பெரட்டில் விரட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மணி வைப்பதற்காக ஊர் எது என்று கேட்டு உலகப்படம் வந்தது. நீலகிரி இருக்கும் இடமாகப் பார்த்துத் தட்டினேன். அந்தப் படத்துக்கு இந்தியாவில் தெரிந்த ஒரே ஊர் கொல்கத்தா. அதைவிடக் கிட்டத்தில் கிடைத்த ஊரைப் பிடித்துக்கொண்டு, 'கொழும்பு' என்று எழுதிக்கொண்டது. நானும் அவசரத்தில் அடுத்ததை அழுத்தித் தொலைத்தேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அடப்பாவி! கப்பலேறி, கேம்புல கெடந்து, சீரழிஞ்சு வந்து சேந்தேன். நீ ஒரே தட்டுல திருப்பி அனுப்பிட்டியேடா!"

"மாத்திடறேம்ப்பா."

"மணி மாறுமா?"

"ரெண்டு பக்கமும் ஒரே மணிதான்."

"அப்ப விடு."

நாலு நெருங்க நெருங்கச் சுவர்க்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பாவின் கேலியும் நின்றுபோயிருந்தது, அதுதான் இன்னும் பயம். கடைசியில் திரை வந்தது. மணியடித்தது. திரை முழுக்க அத்தை.

"என்னா தம்பி, தலையெல்லாம் பஞ்சாப் போச்சே!" என்றாள். பேசிப் பேசி, மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்பத்தான் வருவ?" என்று கேட்டாள்.

"வந்துட்டேன்க்கா. ஒன் மருமகன் கம்ப்யூட்டர்ல நான் கொழும்புலதான் இருக்கேனாம்."

அத்தை சிரித்தாள், இருமினாள். "கொழும்பு வரைக்கும் வந்தவனுக்கு அக்கா ஊட்டுக்கு வழி தெரியலியா?"

அப்பா திரையைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தார்.