காற்று எட்டு, கடல் அமைதி

இது நடந்தது. முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் "பேய் இல்லை" என்று முழங்கிய வாயால் சொல்கிறேன், நடந்தது. நகைப்பவர் நகைக்கட்டும்.

2007, நவம்பர். காரைக்கால் பேருந்து நிலையத்தருகே ஆனந்தராஜ் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார். ஐந்து கணினிகள், ஐந்திலும் படகுப் பந்தய விளையாட்டு. மூலையில் ஒரு சர்வர். நம் கடலின் காற்றையும் மழையையும் இணையத்திலிருந்து எண்களாக வாங்கி, கேட்கும் கணினிகளுக்குக் கொடுப்பதே அதன் வேலை. ஊரில் மழையென்றால் விளையாட்டிலும் மழை. அதே எண்களை அச்சிட்டுக் கருக்களாச்சேரி மீனவப் பஞ்சாயத்துக்கும் அனுப்புவார். மாலையில் மைக்கில் படிப்பார்கள். கேட்டுவிட்டுப் படகுகள் புறப்படும்.

அக்டோபரில் ஒருநாள், "காற்று எட்டு கிலோமீட்டர், கடல் அமைதி" என்று படித்தார்கள். நம்பிப் போன மீனவர் முத்துக்குமரன் சூறைக்காற்றில் மாண்டார். அவர் மனைவி வடிவாம்பாள் நியாயம் கேட்டு ஊரைக் கூட்டினார். ஆனந்தராஜ் என்னிடம் ஓடிவந்தார்.

"மெஷினு பொய் சொல்லாதுன்னு மேடையில ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. நீங்க பேசுனா ஊரே அடங்கிடும்."

அறிவியலின் பக்கம் நிற்பதாக எண்ணி ஒப்புக்கொண்டேன். ஆயினும், கண்ணால் காணாததை நான் மேடையேற்றுவதில்லை. கூட்டம் மாலை ஆறு மணிக்கு. மூன்று மணிக்கே சென்டருக்குப் போனேன். பள்ளி நேரம், எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

3:10. வெளியே சுடும் வெயில். ஐந்து திரைகளிலும் கடல் கறுத்தது.

"வைரஸா இருக்குமுங்க," என்றார் ஆனந்தராஜ்.

3:14. சர்வரின் திரையில் காற்றின் வேக எண்கள் தாமே மாறின. 12... 40... 95... விசைப்பலகையில் எவர் கையும் இல்லை. ஒலி மட்டும். டக்... டக்...

3:17. விசைகளின் இடுக்கில் நீர் கசிந்தது. தொட்டு நாவில் வைத்தேன்.

உப்பு.

ஆனந்தராஜ் சர்வரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். திரை அணையவில்லை.

தொங்கிய ஹெட்போனில் ஒரு குரல்...

"எட்டுன்னு எழுதுனது யாருங்க?"

"நாந்தான்," என்றார் ஆனந்தராஜ். "அன்னிக்குப் போட்டி வச்சேன். காத்தடிச்சா ஓட்ட முடியலன்னு பசங்க கத்துனாங்க. கையால எட்டுன்னு போட்டேன். மாத்த மறந்துட்டேன்."

"அதனால என்னங்க," என்றது குரல். "வாங்க. காத்து எவ்வளவுன்னு பாத்துட்டு வரலாம்."

3:20. எல்லாம் அணைந்தது.

ஆறு மணிக்கு மேடையேறினேன். "பொறியைக் குற்றம் சொல்லாதீர், பொய் எழுதிய கையைக் கேளுங்கள்" என்று தொடங்கி, அவர் ஒப்புக்கொண்டதை ஊரறியச் சொன்னேன். வடிவாம்பாள் அழவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்ன ஆனந்தராஜ் கூட்டத்துக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அலையில் கால் நனைக்கவும் அஞ்சியவர். அவர் செருப்பு கருக்களாச்சேரிக் கரையில் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, சென்டரில் வேலை பார்த்த ஜெயப்ரியா என் முன்னே கடையைத் திறந்தார். பிளக் தரையிலேயே கிடந்தது. செருகிவிட்டு, சர்வரின் பதிவைக் காட்டினார். வானிலை கேட்பவர் ஒவ்வொருவரும் அதில் பதிவாவர்.

கடை பூட்டிக் கிடந்த அந்த வாரம் முழுவதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, காற்று எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள்...

இருவர்.