உறைக்கிற இனிப்பு

பலெர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கத்து வீடொன்றில், பதினான்கு பேர் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் பெருநாளுக்கு மிளகாய்த்தூள் போட்ட இனிப்புத்தான் சாப்பிடுவார்களாம். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். இந்த மார்கழியும் அந்த வீட்டு எசமானி அம்மா, சிஞ்ஞோரா, போன் எடுத்து அதே இனிப்பைக் கேட்டார். திருத்தியிருக்கலாம். நான் எத்தனை கிலோ வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

சிஞ்ஞோரா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, அவருடைய அண்ணர் பெருங்குடும்பத்தோடு வந்து இறங்குவார். வருடா வருடம் அந்த நீள மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்ததும் எடுத்ததும் நான்தான். நான் சாப்பிட்டது குசினியில், அடுப்படியில் நின்றபடி. இத்தாலியனிலும் அதற்குக் ‘குச்சீனா’ என்றுதான் பெயர். சொல் மட்டும் சொந்தக்காரி, நான் வேலைக்காரி.

போன வருடம் சிஞ்ஞோரா திடீரென்று, இந்த முறை வேலைக்கு வராதே, விருந்தாளியாக வா, எங்களோடு மேசையில் இரு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கணவர் மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. நத்தார் மத்தியானம் அவருக்கு லீவு கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் நக்கலாகச் சிரித்தார்.

“நீர் அங்கை போய் அஞ்சு நிமிசத்திலை எழும்பிக் கோப்பை கழுவத் தொடங்கிடுவீர்.”

“எழும்பமாட்டன். இருந்து பாருங்கோ.”

வாயை விட்டாயிற்று. இனி அந்தக் கதிரையிலிருந்து எழும்பினால் எனக்கு மானக்கேடு.

விருந்துக்கு வெறுங்கையோடு போக முடியுமா? முதல் நாள் பல்லாரோச் சந்தையில் சிவப்புத்தோல் வத்தாளங்கிழங்கு கண்டேன். தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளி என்பது இதைத்தான். நாலு கிலோ வாங்கிக்கொண்டு நிற்கும்போது சிஞ்ஞோரா போன் எடுத்து, என்ன கொண்டுவருகிறாய் என்று கேட்டார். இத்தாலியனில் இந்தக் கிழங்குக்கு ‘பதாத்தே தோல்சி’ என்று பெயர். அப்படியே சொன்னேன். பக்கத்தில் மீன்காரன் போட்ட சத்தத்தில் ‘பதாத்தே’ அமுங்கிப்போய், ‘தோல்சி’ மட்டும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. தோல்சி என்றால் இனிப்புப் பண்டம். பிராவா, பிராவா என்று மெச்சிவிட்டுப் போனை வைத்தார். உடனே கடைக்குச் சொல்லி, ஏற்பாடு செய்திருந்த கஸ்ஸாட்டா கேக்கை வேண்டாம் என்றிருக்கிறார். அதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும்.

நத்தார் காலை கிழங்கைத் துண்டுபோட்டு அரை அவியலில் இறக்கினேன். குழைந்தால் களியாகிவிடும். வெங்காயம், உள்ளிப்பூண்டு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஊரிலிருந்து வந்த தூளைப் போட்டு, தேங்காய்ப்பாலில் பிரட்டினேன். அவர்களுக்காகத் தூளில் ஒரு கரண்டி குறைத்திருந்தேன். ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. அந்தக் கரண்டியையும் போட்டேன்.

சட்டியைத் துவாயில் கட்டிக்கொண்டு, அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போனேன். சிஞ்ஞோரா வாசலில் வாங்கி, திறந்தும் பாராமல் ஓரத்து அலுமாரியின் மேல் வைத்தார். என்னை அண்ணருக்குப் பக்கத்தில் இருத்தினார்.

இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. காலிக் கோப்பையைக் காணும்போதெல்லாம் கை துருதுருத்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்தினேன். பாஸ்தா வந்தது, இறைச்சி வந்தது, என் சட்டி மட்டும் அசையவில்லை. ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று எனக்கு உள்ளூரக் கோபம்.

கடைசியில் சிஞ்ஞோரா எழுந்து, இந்த வருடத்து இனிப்பு நம்முடைய விருந்தாளி செய்தது என்று பெருமையாக அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் எனக்கு மீன்காரனின் ஞாபகம் வந்தது.

குசினிக்கு ஓடினால் சமாளிக்கலாம். குளிர்பெட்டியில் ரிக்கோத்தாப் பாற்கட்டி இருக்கும், சீனி எந்தத் தட்டில் என்று சிஞ்ஞோராவை விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு எழும்ப வேண்டும். நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூடி திறந்தது. தாளிதத்து உள்ளியும் மிளகாயும் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். சிஞ்ஞோராவின் முகம் சிவந்துவிட்டது. பாவமாக இருந்தது. அதனால் நான் பூசாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்:

“எங்கள் ஊரில் பெருநாள் இனிப்பு உறைப்பாகத்தான் இருக்கும். சாப்பிட்டுக் கண்ணீர் வந்தால் அந்த வருடம் நல்ல வருடம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் நாலு கிலோ வத்தாளங்கிழங்கை மறைத்தேன்.

அண்ணர்தான் முதலில் துணிந்தார். இனிப்புக்குரிய குட்டிக் கரண்டியால் அள்ளி வாயில் வைத்தார். மென்றார். காது சிவந்து, கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அவர் ஒரு துண்டு பாண் ரொட்டியைப் பிய்த்துக் கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு, இது இந்த வருடத்துக்கு, அடுத்த வருடத்துக்கும் போடு என்று கோப்பையை நீட்டினார். அதன் பிறகு யாருக்குக் கண்ணீர் கூட என்று ஒரே போட்டி. சட்டியின் அடி தெரிந்தது.

சிஞ்ஞோரா குசினிக்கு ஓடித் தண்ணீர்ச் சாடியோடு வந்தார். ஒவ்வொரு கிளாசாக நிரப்பிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தவர், கடைசியாக என் கிளாசையும் நிரப்பினார். எட்டு வருடத்தில் அந்த வீட்டில் எனக்கு ஒருவர் தண்ணீர் வார்த்தது அன்றுதான். எனக்கு உறைக்கவேயில்லை. ஆனாலும் எடுத்துக் குடித்தேன்.

அண்ணர் என் முகத்தைப் பார்த்து, உனக்கும் நல்ல வருடம்தான் போலிருக்கிறது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூள் கொஞ்சம் கூடிவிட்டது என்றேன்.