மேல் போல்ட்

கைராசி வீட்டம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பேர் இருந்தது. ஆனால் அது அவள் வேலை பார்த்த அச்சகத்தோடு சரி. அங்கே அவள் புத்தகம் தைப்பவள். ஊசியும் மெழுகுநூலும் இழுத்து இழுத்து விரல்கள் கயிறு மாதிரி முறுகிப் போயிருந்தன. தெருவுக்குள் கால் வைத்துவிட்டால் கைராசி வீட்டம்மா, அவ்வளவுதான். புருஷனுக்கு வைத்த பட்டப்பேரைப் பெண்டாட்டி சுமக்கிறது ஒன்றும் உலகத்தில் புதிதில்லையே.

கைராசி என்கிறவர் குடிதண்ணீர் நிலையத்தில் மோட்டார் ஓட்டினவர். வீட்டில் எது கெட்டாலும் வெளியாள் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "நானே பாத்துக்கறேன்" என்று சட்டையைக் கழற்றுவார். விளைவு என்னவென்றால், குளியலறைக் குழாயை எதிர்ப்பக்கமாகத் திருகினால்தான் தண்ணீர் வரும். மின்விசிறியை மூன்றில் வைத்தால் முனகும், ஒன்றில் வைத்தால் பறக்கும். ஃபிரிட்ஜ் கதவை முழங்காலால் ஒரு முட்டு முட்டினால்தான் மூடும். அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வழிகாட்ட ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். அந்த ஆள் அவள்தான். "பழகிட்டா சுலபம்தான். அவர் கை வச்சா எதுவும் நல்லாத்தான் ஓடும்" என்று, யாரும் கேட்காமலே சொல்லுவாள்.

அவள் ஏன் அப்படிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கல்யாணமான புதுசு. அவள் அண்ணன் ஒரு கார் வாங்கியிருந்தார். புது மாப்பிள்ளை, "என்னமோ சத்தம் வருது மச்சான், நான் பாக்கறேன்" என்று மூடியைத் திறந்து எதையோ முடுக்கினார். அன்று சாயங்காலம் சொந்தபந்தம் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்து கிளம்பினால், வண்டி தெருமுனையிலேயே படுத்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மாப்பிள்ளை கை வச்சா எதுவும் வெளங்காது!"

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நாக்கால் பட்ட புண் ஆறாது என்பார்கள், இவர் ஆறவிட்டால்தானே! அன்றிலிருந்து மச்சான் வீட்டுப் படி ஏறவில்லை, மச்சானைத் தன் வீட்டுப் படி ஏறவிடவும் இல்லை. அவள்தான் எப்போதாவது தனியாக பஸ் ஏறிப் போய், அரைநாள் கூடப்பிறந்தவளாக இருந்துவிட்டுத் திரும்புவாள். போகும்போதெல்லாம் அண்ணனிடம் சண்டை போடுவாள். "நீ சொன்னது தப்புண்ணே. எங்க வீட்டுல எல்லாத்தையும் அவர்தான் பாக்கறார், தெரியுமா?" அண்ணன் தலையை ஆட்டுவார். பாவம், அவரும் எத்தனை தடவைதான் ஆட்டுவார்.

கைராசியும் பின்னால் ஒரு பழைய கார் வாங்கினார். அதற்கு மட்டும் அவர் செய்த வேலை நிஜமாகவே சுத்தமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. கார் விஷயத்தில் அவருக்கு ஒரு வேதம் உண்டு. கியர் பாக்ஸில் எண்ணெய் மாற்றும்போது இரண்டு போல்ட். அடியில் இருப்பது பழைய எண்ணெயை வடிக்க. பக்கவாட்டில் மேலே இருப்பது புதிய எண்ணெயை ஊற்ற. "முதல்ல மேல் போல்ட் கழலுதான்னு பாக்கணும். அதைப் பாக்காம கீழ திறந்து வடிச்சவன் மடையன். மேலது கழலலைன்னா என்ன ஆகும்? உள்ள இருந்ததும் போச்சு, புதுசா ஊத்தவும் வழியில்ல. வண்டி பொணம்." எதிர்வீட்டுப் பள்ளி வேன் டிரைவருக்கு இதைச் சொல்லியிருக்கிறார். பேப்பர் போடுகிறவருக்குச் சொல்லியிருக்கிறார். கார் வாங்கவே வக்கில்லாத அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்குக் கூடச் சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம்.

இப்படியிருக்கையில் ஒருநாள் அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு முடியவில்லை, டாக்டர் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "உங்க ரெண்டு பேரையும் பாக்கணுங்கறார்மா. மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். கையோட கூட்டிட்டு வந்துடு."

அவள் அதை அப்படியே புருஷனிடம் ஒப்பித்தாள். அவர் சுவரில் தொங்கின காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "சரி, ஞாயித்துக்கிழமை விடிய காருலயே போலாம்" என்றார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் போகப்போகிற துக்கம் ஒரு பக்கம், கண்ணை மூடுவதற்குள் இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளப் போகிறார்களே என்கிற நிம்மதி ஒரு பக்கம். அச்சகத்தில் லீவு சொன்னாள். அவருடைய சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவர், "மூணாவது கியர் நறநறங்குது. அவ்ளோ தூரம் போகணும். எண்ணெய மாத்திட்டா நிம்மதி" என்றார். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு பக்கமும் கட்டை கொடுத்தார். அவளுடைய மாவு பிசைகிற பேசினைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். சற்று நேரத்தில் அழுகின முட்டை நாற்றம் வீடு பூராவும் வந்தது. பழைய கியர் எண்ணெய் அப்படித்தான் நாறும். நம்ம அண்ணனுக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டே உருகினாள்.

அப்புறம் அடியிலிருந்து குரல் வந்தது. "ஏய், மேல் போல்ட் கழல மாட்டேங்குது!"

ணங் ணங்கென்று சுத்தியல் சத்தம் கேட்டது. இருட்டின பிறகும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது. மெக்கானிக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எதிர்வீட்டு வேன் டிரைவர் சத்தம் கேட்டு வந்து, "அண்ணே, நான் ஒரு கை பாக்கட்டுமா?" என்றார். "நானே பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது.

"என்னங்க, நான் காலை பஸ்ஸுல முன்னாடி போயிடட்டுமா?" என்று குனிந்து கேட்டாள்.

"ரெண்டு பேரையும்தானே வரச் சொன்னார் உங்க அண்ணன்? இன்னும் ஒரு மணி நேரம் பொறு. அசைஞ்சு குடுக்குது."

காலை பஸ் போயிற்று. "வாடகைக் கார் ஒண்ணு சொல்லிடுவோமே" என்றாள்.

"வீட்டுல காரை வச்சுக்கிட்டு வாடகைக் காரா? ஊரு சிரிக்கும். இந்தா, இப்ப கழண்டுடும்."

மத்தியான பஸ்ஸும் போயிற்று. அவள் கட்டின புடவையோடு, மடியில் பையோடு, கார் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அடியிலிருந்து அவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்: டார்ச், பழந்துணி, டீ. பொழுது சாய்கிற நேரத்துக்கு அண்ணி போன் செய்தாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

சாவுக்குப் போக வாடகைக் கார் ஒரே போனில் வாசலில் வந்து நின்றது. அது அவள் மனசில் முள்ளாகத் தைத்தது. ஆனால் அழுகிற நேரத்தில் முள்ளைத் தடவிக்கொண்டிருக்க முடியுமா? அங்கே போனதும் கைராசி, "மச்சான்! உங்க முகத்தப் பாக்க விடாம பண்ணிட்டானே அந்த ஆண்டவன்!" என்று காலடியில் விழுந்து கதறினார். வந்தவர்கள் எல்லாம், இத்தனை வருஷத்துப் பகையையும் மறந்து எப்படி அழுகிறார் பாரேன் என்று மூக்கில் விரலை வைத்தார்கள். அண்ணி அவளை ஓரமாக அழைத்து, "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தார்மா" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பி, ஒரு நாள் சாயங்காலம் அவளுக்கு மாவு பிசைகிற பேசின் ஞாபகம் வந்தது. அது இன்னும் காருக்கு அடியில்தான் கிடந்தது. கைக்கு எட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, மல்லாந்து உள்ளே நகர்ந்தாள்.

கீழ் போல்ட் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. சும்மா பார்ப்போமே என்று டார்ச்சை மேலே பிடித்தாள். மேல் போல்ட்டைக் காணவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது மண்ணுக்குள் இருந்தது. வருஷக்கணக்கில் ரோட்டுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகி, தலைமேல் தொப்பி போட்ட மாதிரி மூடியிருந்தது. அந்த மண்ணில் ஒரு கீறல் இல்லை. சுத்தியல் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், ஒரு விரல் கூட அதில் பட்டிருக்கவில்லை.

அப்படியானால் இரண்டு நாள் அடித்தது எதை? டார்ச்சைத் திருப்பினாள். பக்கத்தில் குறுக்கே ஓடிய பெரிய இரும்புச் சட்டத்தில் பெயிண்ட் உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று பள்ளம் பள்ளமாக அடி விழுந்திருந்தது.

அடப்பாவி மனுஷா! முதலில் மேல் போல்ட்டைப் பார் என்று ஊருக்கெல்லாம் ஓதின மனுஷனுக்கு மறதியா வரும்? ஸ்டூலில் உட்கார்ந்து டீ ஆற்றிக் கொடுத்தோமே என்று நினைக்க நினைக்கத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. மண்ணை நகத்தால் சுரண்டினாள். அங்கேயே கிடந்த ஸ்பேனரை மாட்டி, நூல் இழுத்துப் பழகின கையால் ஒரு இழுப்பு இழுத்தாள். முனகக்கூட இல்லை, கழன்று வந்துவிட்டது.

கைராசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் போல்ட்டைக் கொண்டுபோய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

"ஏங்க?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் போல்ட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். அப்புறம் தட்டைப் பார்த்தே சொன்னார். "போனா அவர் என்ன சொல்லியிருப்பார்? தப்பா சொல்லிட்டேன் மாப்பிள்ளை, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லியிருப்பார். சாகப்போறவர் கேட்டா மன்னிக்காம இருக்க முடியுமா? ஒரு வார்த்தைல எல்லாம் முடிஞ்சுபோயிடும். இத்தனை வருஷம் நான் அதை வச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்? அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

"நான் இருந்தேனேங்க" என்றாள் அவள்.

அவள் கையில் ஒட்டியிருந்த பிசுக்கை முந்தானையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவிற்று.

"எங்க அண்ணன் சொன்னது தப்புன்னு அவர் கூட எத்தனை சண்டை போட்டிருக்கேன். தப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் பையோடு வந்து வாசலில் நின்றார். ரிப்பேருக்கென்று அந்தப் படியை மிதித்த முதல் வெளியாள் அவர்தான். கைராசி பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். ரிப்பேர்க்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு, கூடம் வரை கேட்கும்படி சிரித்தார்.

"இதுல யாரும்மா கை வச்சது?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.