வாரம் ஒரு அமாவாசை

"...ஐடியா குடுத்தவன் தலையிலயே அத்த எறக்கி வெச்சிட்டாங்கண்ணே," என்று சொல்லிக்கொண்டே சேவியர் நகர்ந்து எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது தொடங்கிய பேச்சு அது. காலை ஒன்பது மணி. செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர்.

சேவியர் மசாலாத் தூள் கம்பெனி சேல்ஸ்மேன். செஞ்சி வட்டாரக் கடைகளெல்லாம் அவருடைய லைன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று வந்து ராத்தங்கிச் சமைக்கிறவர்களைப் பார்த்து, ஒரு குழம்புக்கு மட்டும் ஆகிற குட்டிப் பாக்கெட் போடச் சொன்னவர் அவர்தான். ஸ்பெஷல் பஸ் நிற்கிற இடத்திலேயே விற்றுத் தீர்ந்ததாம். மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். அடுத்த மாதம், அந்த ஒருநாள் விற்பனையே வாராவாரம் டார்கெட் ஆகிவிட்டது.

"அமாவாசை மாசத்துக்கு ஒண்ணுதான் வருது சார்ன்னேன். 'நெகட்டிவா பேசாத'ன்னாரு மேனேஜர்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இன்று அவருக்கு வார லீவு. இருந்தும், டார்கெட் எட்டாததற்காக, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் நின்று கம்பெனி கோஷத்தைக் கத்தி வீடியோ அனுப்ப வேண்டும். கூடவே புது ஐடியா ஒன்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். நானும் கோட்டை பார்க்கத்தான் வந்திருந்தேன், சேர்ந்தே போனோம்.

பத்தரை மணி. நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். வாசலில் மோர் விற்கிற அம்மாவிடம் ஆளுக்கொரு டம்ளர் வாங்கினோம். சேவியர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"யக்கா, இதுல கொட்டிக் கலக்குற மாதிரி மோர் மசாலா, குட்டிப் பாக்கெட்ல குடுத்தா?"

"கொண்டாயேன்பா! மலையேறி எறங்குறவன் நாக்கு வறண்டு வர்றான், வேணாம்னா சொல்லப்போறான்?"

அடுத்த அரைமணி நேரம் அவர் வேறு ஆள். இரண்டிரண்டு படியாகத் தாவினார். சுக்கு எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு என்று மூச்சிரைக்கப் பேசினார். குரங்குகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம். அங்கே சேவியர் சட்டென்று நின்றுவிட்டார்.

"இதுவும் ஓடும்ண்ணே. அதான் பயமா இருக்குது. ஓடுச்சின்னா மழக்காலத்துலயும் அந்த அக்காவாண்ட பெட்டி பெட்டியா எறக்கச் சொல்லுவாங்க."

பகல் பன்னிரண்டு. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. போன் அடித்தது, மேனேஜர். காற்றில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா சேவியர், புதுசா எதனா தோணுச்சா?"

சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணும் தோணல சார்."

"அப்ப ஒண்ணாந்தேதிலேர்ந்து உன் லைனுக்கு வேற ஆள். அந்த வீடியோவ மட்டும் அனுப்பிடு, குரூப்ல போடணும்."

போன் கட்டாயிற்று. சேவியர் பையிலிருந்து கம்பெனித் தொப்பியை எடுத்து மாட்டினார். போனை என்னிடம் கொடுத்தார். செஞ்சி ஊர் முழுக்கப் பின்னால் தெரிகிற மாதிரி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, "என்னால் முடியும்!" என்று கத்தினார்.